மேலே ஏறிப்போன வரி

என் ஆள்காட்டி விரலை ஒரு தடவை ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்தார். மதகு ஷெட்டின் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தோம். காலை வெயில். டேப்லெட் கண்ணாடியின் மேல் விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் தெரிந்த சின்னக் கட்டத்தை அளந்தார். "உங்க வெரலு ஒன்றரை சென்டிண்ணே. நான் போட்ட கட்டம் அரை சென்டி. ஆட்டுப்பட்டி வாசல்ல யானையை நுழையச் சொல்லியிருக்கேன்" என்றார். முப்பது வருஷம் ஷட்டர் திருகிய கை என்னுடையது. நுனித்தோல் காய்த்துப் போயிருந்தது. அதை அதுவரை யாரும் அளந்ததில்லை. அளந்தவர் அந்தத் திரையைச் செய்த கம்ப்யூட்டர்காரர். பட்டுக்கோட்டைப் பக்கம் கடலோர ஊர். வளைகுடாவில் ஒரு பெரிய கிடங்குக்குச் சாமான் பட்டியல் போடும் வேலை பார்த்தவர். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் திரும்பி வந்து, ஒரு கம்பெனி மூலமாக எங்கள் ஆபீசுக்கு வேலை செய்தார். நான் பாய் என்று கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணே என்பார்.

நான் லஸ்கர். ஆற்று மதகைத் திறந்து மூடுவது வேலை. படிப்பு எட்டாவது. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே எங்கள் மதகு. அங்கிருந்து இரண்டு கரையிலுமாக ஏழு வாய்க்கால் பிரியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதகு. சைக்கிளில் தென்கரையோடு போய், பாலம் தாண்டி, வடகரையோடு திரும்பி வருவேன். முன்பெல்லாம் காலையிலும் சாயங்காலமும் ஆபீசுக்குப் போன் போட்டு, வாய்க்கால் பேரைச் சொல்லி, எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்று சொல்வேன். கிளார்க் எழுதிக்கொள்வார். உத்தரவும் அதே போனில் வரும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். சில நாள் இந்த வாய்க்காலுக்கு, சில நாள் அந்த வாய்க்காலுக்கு. யாருக்கு எப்போது என்பதை ஆபீஸ்தான் ஆற்று மட்டம் பார்த்து முடிவு செய்யும். நான் சொன்ன அளவை யாரும் மறுபடி போய்ப் பார்த்ததில்லை. லஸ்கர் சொன்னால் சரி. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

டேப்லெட் வந்தபின் போன் நின்றது. ஏழு வாய்க்காலுக்கு ஏழு வரி. இடது ஓரம் பெயர். அதற்கப்புறம் தேதி, ஆற்று மட்டம், போன முறை அளவு என்று கட்டங்கள் போய்க்கொண்டே இருக்கும். உத்தரவு கடைசிக் கட்டத்தில். அதைப் பார்க்க விரலால் இழுக்க வேண்டும். இழுத்தால் பெயர் திரையை விட்டுப் போய்விடும், எண் மட்டும் நிற்கும். எந்த வரி எந்த வாய்க்கால் என்று மனசில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வைத்துக்கொண்டேன். முதல் வரி ஓடக்கரை, இரண்டாவது ஆலடி. சைக்கிளில் நான் போகிற வரிசையும் அதுதான். முதல் மதகு, இரண்டாம் மதகு என்று எண்ணியே பழகியவர்கள் நாங்கள். மதகு இடம் மாறாது. வரியும் மாறாது என்று நினைத்தேன்.

டேப்லெட் வந்த வருஷம், ஆவணியில் முதல் தடவையாக முறை மாறிய காலை. பெயர்களைப் பார்த்தேன், இழுத்தேன். அந்த நேரம் பார்த்து ஆபீசில் யாரோ ஆலடியின் உத்தரவைத் திருத்தியிருக்கிறார்கள். கடைசியாகத் திருத்திய வரி உச்சிக்குப் போகும் என்று அந்தப் பட்டியலுக்கு ஒரு ஏற்பாடு. ஆலடி மேலே ஏறிவிட்டது. ஓடக்கரை கீழே இறங்கிவிட்டது. பெயர் திரையில் இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. முதல் வரியில் மூடு என்று இருந்தது, இரண்டாவதில் பன்னிரண்டு அங்குலம். மூடியிருந்த ஓடக்கரையை மூடியபடியே விட்டேன். ஆலடியைப் பன்னிரண்டு திறந்தேன். அதே வரிகளில் செய்ததைப் பதிந்தேன். ஆபீஸ் கணினியில் எல்லாம் உத்தரவுப்படி இருந்தது. ஆற்றில் எல்லாம் தலைகீழாக இருந்தது.

ஆலடி என் மனைவி பிறந்த ஊர். இரண்டாம் நாள் சாயங்காலம் அங்கே போனபோது மைத்துனர் கரையில் நின்றார். "என்ன மச்சான், இந்த முறையும் நமக்கேவா? அக்கா உத்தரவு போட்டுச்சா?" என்று சிரித்தார். தண்ணீர் படித்துறையின் மேல்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளிப் போய்ச் சைக்கிளை நிறுத்தினேன். டேப்லெட்டை எடுத்தேன். பெயரைப் பார்த்தேன், இழுத்தேன், மறுபடி பெயருக்கு வந்தேன். ஆலடி, மூடு. திரைதான் தப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபீசுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போடவில்லை. போட்டால், இரண்டு நாளாக மாமியார் ஊருக்குத் தண்ணீர் விட்டது வெளியே வரும். சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றால் கரையில் ஆள் நின்றது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். நாளையும் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை ஓடக்கரைக்காரர்கள் வந்தார்கள். முன்னால் வந்தது ஓடக்கரை அக்கா. எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். இவர் பேரில் சொந்தமாக ஒன்றரை ஏக்கர், வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில். சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். ஒரு பிடி நாற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் சைக்கிள் கேரியரில் வைத்தார். மஞ்சளாகி நுனி சுருண்டிருந்தது. "என்ன லஸ்கரே, மாமியா வீட்டு விருந்து பலமா?" என்றார். பின்னால் நின்றவர் ஒருவர், "விருந்துக்குப் போனவரு தண்ணியையும் எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார். உடனே போய் ஓடக்கரையைத் திறந்தேன். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர இன்னொரு நாள் ஆயிற்று. நாற்றங்கால் போய்விட்டது.

ஆபீசில் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். ஓடக்கரை திறந்திருப்பதாக நான் பதிந்திருந்தேன். மூடி வைத்துக்கொண்டு திறந்ததாகப் பொய் எழுதினேன் என்று ஆயிற்று. மெமோ வந்தது. டேப்லெட் அப்படித்தான் காட்டியது என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். யாரும் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஓடக்கரைப் பக்கம் போனால் பேச்சு நின்றது. டீக்கடையில் இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். வேலை போகும் என்று வீட்டில் சொல்லி வைத்தேன்.

அப்போதுதான் டேப்லெட்டைச் சோதித்து எழுதிக் கொடுக்கப் பாய் வந்தார். வந்த அன்றே அவருக்குக் கம்பெனியிலிருந்து போன். ஷெட்டில் இருந்த எனக்கும் கேட்டது. "ஆள் தப்புன்னு எழுதிட்டுக் கெளம்புங்க பாய், வேற வேலை கெடக்கு." இவர், "பாத்துட்டு எழுதுறேன் சார்" என்று வைத்துவிட்டார். மூன்று நாள் என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தார். அதிகம் கேட்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரக் கையால் தொட்டால் கண்ணாடி கேட்காது. வெயிலில் எழுத்து தெரியாது. ஒரு கையில் சைக்கிள், ஒரு கையில் டேப்லெட். இதையெல்லாம் சின்ன நோட்டில் குறித்தார். மூன்றாம் நாள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி ஒன்று மேலே ஏறியது. பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஆபீஸ்ல ஏசி ரூம்ல உக்காந்து பாக்குறவருக்குப் புதுசு மேல வந்தா வசதின்னு வச்சேண்ணே. என் பொண்டாட்டி மளிகை லிஸ்ட் குடுப்பா. நான் கடையில நிக்கும்போது அதுல மொளகா மேல ஏறி, சீனி கீழ எறங்குனா, நான் வீட்டுக்குள்ள போக முடியுமா?" என்றார். நான் சிரித்தேன். பல நாள் கழித்துச் சிரித்தது.

விசாரணை மதகடியிலேயே நடந்தது. பிரிவு இன்ஜினியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓடக்கரைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். பாய் டேப்லெட்டை இன்ஜினியர் கையிலேயே கொடுத்தார். "முதல் வரி எந்த வாய்க்கால் சார்?" "ஓடக்கரை." "இப்ப உத்தரவைப் பாருங்க." இன்ஜினியர் இழுத்தார். அந்த நேரத்தில் பாய் தன் போனில் எதையோ தட்டினார். "முதல் வரிக்கு என்ன சார் உத்தரவு?" "மூடு." "அப்ப எந்த வாய்க்காலை மூடணும்?" "ஓடக்கரையை." "இப்ப பேரைப் பாருங்க." இன்ஜினியர் திரும்ப இழுத்தார். ஆலடி என்று இருந்தது. கூட்டத்தில் ஒருவர், "சாருக்கும் ஆலடியிலதான் பொண்ணு எடுத்திருக்காங்களா?" என்றார். இன்ஜினியரே சிரித்துவிட்டார். பாய் சிரிக்கவில்லை. "தப்பு நான் போட்ட பட்டியல்லதாங்க" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். எழுதியும் கொடுத்தார். மெமோவை முடித்துவிட்டார்கள். மறுநாள் ஓடக்கரை அக்கா ஷெட்டுக்கு வந்தார். தூக்கில் மோர் கொண்டுவந்திருந்தார். "கோவத்துல பேசிட்டேன் லஸ்கரே, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மோரைக் குடித்தேன். தூக்கைக் கழுவிக் கொடுத்தேன்.

பாய் பத்து நாளில் திரையை மாற்றிக் கொண்டுவந்தார். பெரிதாக ஒன்றுமில்லை என்பார். வரிகள் சைக்கிள் போகிற வரிசையில் நின்றன. யார் எதைத் திருத்தினாலும் நகரவில்லை. உத்தரவு மாறினால் அந்த வரி இருந்த இடத்திலேயே மஞ்சளானது. உத்தரவுக் கட்டம் பெயருக்குப் பக்கத்தில் வந்தது. மற்ற கட்டங்களைப் பார்க்க எவ்வளவு இழுத்தாலும் பெயர் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. சின்னக் கட்டத்தைக் குறிபார்த்துத் தொட வேண்டாம், வரியில் எங்கே தொட்டாலும் கேட்டது. பதியும்முன் 'ஓடக்கரை, பன்னிரண்டு அங்குலம், சரியா?' என்று பெரிய எழுத்தில் கேட்டது. தப்பாகத் தொட்டால் திரும்பப் போக வழி இருந்தது. நான் ரிட்டயராகிவிட்டேன். இப்போது அந்த மதகில் இருப்பவர் பட்டம் படித்தவர். போகிற போக்கில் பார்த்துத் தொட்டுவிட்டு வண்டியைக் கிளப்புகிறார். அந்த வரிகள் ஒரு காலத்தில் ஓடின என்று சொன்னால் அவருக்குப் புரியவில்லை. புரியாமல் இருப்பதுதான் பாய் செய்த வேலை என்று நினைக்கிறேன். கம்பெனி அவரை அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டது. மறுபடி வளைகுடாவுக்குப் போய்விட்டார்.

திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ்ஸுக்கு நின்றோம். "அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றார். "ரெண்டாம் நாள் சாயங்காலம் ஆலடி வரியை அங்கயும் இங்கயுமா நாலு தடவை இழுத்துருக்கீங்க. தொட்டதெல்லாம் உள்ள பதிஞ்சிருக்கும்." நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பேரும் பாத்தீங்க, உத்தரவும் பாத்தீங்க." "பாத்தேன்" என்றேன். "அதை நான் எழுதல. பட்டியல் சரியா இருந்திருந்தா நீங்க அந்த எடத்துல போய் மாட்டியிருக்க மாட்டீங்க. என் தப்பை நான் சொல்லிட்டேன். உங்களோடதைச் சொல்லவேண்டிய ஆளு நான் இல்லண்ணே." பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

ஐப்பசியில் ஓடக்கரைக் கடைமடையில் நடவு. அக்கா சொந்தக்காரர் ஊரிலிருந்து மிச்ச நாற்று வாங்கி வந்து, பிந்தி நட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் போய் நின்றேன். "அக்கா, திரை தப்புதான். ஆனா ரெண்டாம் நாள் சாயங்காலமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மாத்தலை." அவர் நிமிர்ந்தார். கையில் நாற்றுமுடி. "ரெண்டாம் நாளா?" "ஆமா." மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். "அன்னைக்கே மாத்தியிருந்தா மூணாம் நாளு தண்ணி வந்துருக்கும். பாதி நாத்தாவது பொழைச்சிருக்கும்." "ஆமா." "மோரு கொண்டாந்து குடுத்தனே, அப்ப ஏன்யா சொல்லல?" நட்டுக்கொண்டிருந்த மற்ற பெண்கள் கையை நிறுத்தியிருந்தார்கள். "போ, போய் மதகைப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் ஓடக்கரைக்கு முறை. திரையில் பெயர் இருந்தது, பக்கத்திலேயே பன்னிரண்டு இருந்தது. திருகினேன். பன்னிரண்டு வந்தது. கையை எடுக்க மனசு வரவில்லை. இன்னும் ஒரு அங்குலம் ஏற்றினால் யாருக்கும் தெரியாது. அவர் வயலுக்குத் தண்ணீர் விடியும் முன் போய்ச் சேரும். அந்த ஒரு அங்குலம் ஆற்றோடு கீழே போய் இன்னொரு கடைமடையில் யாரோ ஒருவருக்குச் சேர வேண்டியது. பன்னிரண்டில் நிறுத்திப் பூட்டினேன்.