மூன்று தரம் கூப்பிட்டார்கள்

ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சொல்லி ஓட்டு வாங்கினவர்கள் கோட்டைக்குப் போனார்களே, அதற்கு மறு வருஷம். குறுவை அறுத்துவிட்டுத் தாளடிக்கு நாற்று விட்டிருந்தேன். நாற்றுப் பறிக்கிற பருவம் தாண்டிக்கொண்டிருந்த அன்றைக்குப் பார்த்துத்தான் தஞ்சாவூர் ரெவின்யூ கோர்ட்டில் எனக்கு வாய்தா. குத்தகைக்கு உழுத மூன்று மாவை, ஒரு ஏக்கர்தான், நான் பாழாக்கிவிட்டேனாம். என்னை வெளியேற்றச் சொல்லி மிராசுதார் பிராது கொடுத்திருந்தார். அது போனால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. வக்கீல் வைக்கவும் வழியில்லை.

நீடாமங்கலத்தில் ரயில் ஏறினேன். இடமிருந்தும் உட்காரவில்லை. கரி வண்டி, கண்ணெல்லாம் தூசி. அது கிடக்கட்டும்.

கோர்ட்டு வாசலிலும் கால் தரிக்கவில்லை. தூணுக்கும் வேப்பமரத்துக்குமாக நடந்தேன். வாய்க்காலில் அன்றைக்கு என் முறைத் தண்ணீர். எவன் திருப்பிக்கொண்டானோ என்று அது வேறு அரித்தது.

கோர்ட்டுச் சேவகர், டவாலி, வெளியே வந்து என் பேரைக் கூப்பிட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றேன். மறுபடி கூப்பிட்டார். இன்னும் குனிந்தேன். மிராசுதார் வாசலில் அப்படித்தான். அவராகப் பார்த்துக் கேட்டால்தான் வாய் திறப்போம். மூன்றாம் தரமும் கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பக்கத்தில் வலங்கைமான் பக்கத்து அம்மா ஒருவர். அவரும் வக்கீல் இல்லாமல் நிலத்துக்காக நடக்கிறவர்.

“ஏண்ணே, அது ஒங்க பேரா?”

“ஆமா தங்கச்சி. அதான் நிக்கிறேனே.”

“அடப்பாவமே! இப்புடி நந்தியாட்டம் நின்னா? ‘இருக்கேன்’னு சத்தம் குடுக்க வேணாமா? ஆளே வரலேன்னு எழுதி, நெலத்த அவங்க பக்கம் தள்ளிருவாங்க!”

“இப்ப என்ன பண்றது?”

“ஆபீசர் சாப்பாட்டுக்கு எந்திரிக்கிறதுக்குள்ள உள்ள போங்க. வாசல்லதான் நின்னேன், கேஸ எடுங்கன்னு நீங்களே கேளுங்க. ஓடுங்கண்ணே!”

உள்ளே மிராசுதாரின் வக்கீல் கேஸ் கட்டை மூடிக்கொண்டிருந்தார்.

“இருக்கேனுங்க!” ஏர் மாட்டை அதட்டுகிற சத்தம் வந்துவிட்டது.

அதிகாரி நிமிர்ந்தார். “ஏன்யா கத்துறே? கூப்பிட்டப்ப எங்க போனே?”

“வாசல்லயே கும்பிட்டுக்கிட்டு நின்னேனுங்க. நெலத்தப் பாழாக்கலீங்க. இப்பக்கூட நாத்து முத்திக்கிட்டுக் கெடக்குதுங்க. வந்து பாருங்க.”

வக்கீல் சிரித்தார். “கும்பிட்டா ஆஜராயிடுமா?”

அதிகாரி சிரிக்கவில்லை. வரவில்லை என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நிலத்தை நேரில் பார்ப்பதாக வேறு வாய்தா போட்டார். வந்தார், வரப்பிலேயே நடந்து பார்த்தார். நிலம் என்னிடமே நின்றது.

இன்றைக்கும் யாராவது என் பேரை உரக்கக் கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. உங்களுக்குத் தெரிந்தவர் எவராவது வக்கீல் இல்லாமல் கோர்ட்டுப் படி ஏறினால் இதைச் சொல்லி அனுப்புங்கள். பேர் கூப்பிட்டால் கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், வாய்விட்டுச் சொல்லட்டும். தவறிப்போனாலும் ஊருக்குத் திரும்பிவிடாமல், அன்றைக்கே உள்ளே போய்க் கேட்கட்டும்.