முதல் வாய் என் தங்கைக்கு

என் தங்கை பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆள் சின்னவள், நினைத்தது நடக்கும்வரை காதருகே ரீங்கரித்துக்கொண்டே இருப்பாள். அதனால் பள்ளியில் அவளுக்குக் கொசு என்று பெயர். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கடைக்குப் போனவள். உடுப்புகளைப் பிடித்தும் இறக்கியும் அளவு திருத்துவது என் வேலை. ஒரு நூல் பிசகினாலும் என் கண்ணில் பட்டுவிடும். அந்தப் பிஸ்கட்டும் அப்படித்தான் கண்ணில் பட்டது.

ஒரு மாலை அவள் பிஸ்கட்டின் ஓரத்தைக் கடித்தாள். நிதானமாக மென்று விழுங்கினாள். வாயைத் திறந்து நாக்கைக் காட்டினாள். பிறகு மீதியை என்னிடம் நீட்டினாள்.

“என்னடி, எச்சில் பண்ணிட்டுக் குடுக்கிற?”

நீட்டிய கை அப்படியே நின்றது. “பழக்கம்க்கா.”

“யார்கிட்ட பழகின பழக்கம்?”

துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். அவள் வகுப்பில் ஒரு பெண், கணக்கில் புலி. கூப்பிடுவதே புலி என்றுதான். சில மாதங்களாக அவளுக்குச் சுவருக்குப் பின்னால் யாரோ பேசுவது கேட்கிறதாம். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் தனக்கு விஷம் கலக்கிறார்கள் என்று நம்புகிறாள். வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை. பள்ளியில் கொசுவோ அவர்களுடைய இன்னொரு தோழி நெட்டையோ முதல் வாய் சாப்பிட்டு, விழுங்கியதைக் காட்டினால்தான் தொடுவாள். இருவரும் முறை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

“ராஜா காலமா இருந்தா இதுக்குச் சம்பளம் உண்டுன்னு நெட்டை சொல்லுவாக்கா,” என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியது.

“அவ அம்மாவுக்குத் தெரியுமா?”

“பரீட்சை பயம், வயசுத் திமிருங்கிறாங்க. டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு பேர் கட்டிருவாங்கன்னு பயம். யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு புலிக்கு நாங்க சத்தியம் பண்ணிருக்கோம். நீயும் சொல்லாதக்கா. சொன்னா எங்க கையாலயும் சாப்பிட மாட்டா. அப்புறம்?”

பெரியவர்களே தொடப் பயப்படும் நெருப்பை இரண்டு பிள்ளைகள் மடியில் கட்டிக்கொண்டு பள்ளிக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறார்கள். கடை விடுமுறையன்று நானே போய் அந்த அம்மாவிடம் பேசுவதாகச் சொன்னேன். கொசு அரை மனதாகத் தலையாட்டினாள்.

விடுமுறை வருமுன்பே நெட்டைக்கு வாந்தி. வீட்டில் கெட்டுப்போன முட்டையைத் தின்றிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் புலிக்கு அது போதும். மறுநாள் கொசு தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்ததும் புலி பாய்ந்து தட்டிவிட்டாள். “குடிக்காதடி! நெட்டை போயிட்டா. அடுத்தது நீதான்!” என்று கத்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. பள்ளி விட்டதும் கொசு அவள் வீட்டுக்குப் போனாள். முன்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. புலியின் அறை மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது. பசித்தால் தானாக வருவாள் என்று அம்மா வேலைக்குப் போய்விட்டார். உள்ளிருந்து வந்த குரல் காய்ந்த இலை உரசுவதுபோல் இருந்ததாம். அங்கிருந்து ஒரே ஓட்டமாக என் கடைக்கு வந்து நின்றாள். கத்தரியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

புலியின் அம்மாவையும் நெட்டையையும் வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினோம். பேக்கரியில் வேலை செய்யும் அந்த அம்மா, மாவு படிந்த கையோடு வந்து கதவை இடித்தார்.

“கதவத் திறடி! மானத்த வாங்காதடி!”

உள்ளே எதையோ இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் சத்தம். பிறகு புலி யாரிடமோ மெதுவாகச் சொன்னாள். “அம்மா மாதிரியே பேசுறாங்க.”

அந்த அம்மாவின் ஓங்கிய கை அப்படியே நின்றது.

நெட்டை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். “ஏய் புலி, நான்தான்டி. முட்டைதான் அழுகிப்போச்சு, நான் அழுகல. கதவத் திறந்து மோந்து பாரு, குளிச்சே ரெண்டு நாளாச்சு.”

“நெட்டை குரலையும் எடுத்துக்கிட்டாங்க,” என்றாள் புலி.

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் நெட்டை, தரையில் உட்கார்ந்து விசும்பத் தொடங்கினாள்.

அந்த அம்மா ஒரு பாட்டில் தண்ணீரை என் தங்கை கையில் திணித்தார். “நீ குடிக்கிறேன்னு சொல்லும்மா. உன்னத்தான் அவ நம்புவா.”

கொசு பாட்டிலைத் தள்ளி வைத்தாள். “வேணாம் ஆன்ட்டி. நான் குடிச்சுக் காட்டக் காட்டத்தான் அதுல ஏதோ இருக்குன்னு அவளுக்கு உறுதியாச்சு.” கதவோரம் படுத்து, கீழ் இடுக்கில் விரல்களை நுழைத்தாள்.

“புலி, இனிமே நான் ருசி பாக்க மாட்டேன். அதுல விஷம் இருக்குன்னு நான் ஒரு நாளும் நம்பல. நீ சாப்பிடணும்னு நடிச்சேன். சத்தியத்தையும் மீறிட்டேன், அக்காகிட்ட சொல்லிட்டேன். இப்ப டாக்டர்கிட்ட போகணும். உன் பயம் பொய் இல்லடி. எனக்கும் பயமாத்தான் இருக்கு. கை நடுங்குது, தொட்டுப் பாரு.”

உள்ளே சத்தமே இல்லை. இருந்த ஒரே நூலையும் இவளே அறுத்துவிட்டாளோ என்று எனக்குத் தோன்றியது. மயங்கி விழுந்துவிட்டால்? கதவை உடைக்க ஆள் கூப்பிடலாமா என்று வாயெடுத்தேன். கொசு இன்னொரு கையால் என்னை அடக்கினாள். பதினாறு வயதுக் கை. நான் அடங்கினேன்.

திடீரென்று அவள் தோள் துள்ளியது. உள்ளிருந்து விரல்கள் அவள் விரல்களைத் தொட்டிருக்கின்றன.

“நிஜமாவே நடுங்குது,” என்றது குரல். கொஞ்சம் கழித்து, “துரோகி” என்றது.

“சரி, துரோகிதான். வெளியே வந்து திட்டு.”

முட்டுக்கொடுத்தது நகர்ந்தது. தாழ் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. வெடித்த உதடும் குழிவிழுந்த கண்ணுமாக நின்ற பெண், அம்மாவையோ என்னையோ பார்க்கவில்லை. நெட்டையைத்தான் வெகுநேரம் பார்த்தாள். “நாறுது,” என்றாள்.

வண்டியில் ஆஸ்பத்திரி போகும்வரை கொசுவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. டாக்டர் உடனே சேர்த்துக்கொண்டு சலைன் ஏற்றினார். இது நோய், மருந்து இருக்கிறது, நாளாகும் என்றார். “என் வளர்ப்பு சரியில்லையா?” என்று கேட்டு அந்த அம்மா உடைந்து அழுதார். யாருடைய தப்பும் இல்லை என்று டாக்டர் அவரை உட்காரவைத்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு கொசுவும் நெட்டையும் தினமும் பார்வை நேரத்துக்குப் போகிறார்கள். நெட்டையிடம் புலி ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை பேசுகிறாள். என் தங்கை வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். “நீ அவங்க பக்கம் போயிட்ட,” என்று முதல் நாள் சொன்னதோடு சரி. கொசு வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நேரம் முடிந்ததும் எழுந்து வருகிறாள்.

நேற்று நானும் உடன் போயிருந்தேன். திரும்பும்போது கேட்டேன், “உனக்குப் பயம் கொஞ்சம் விட்டுச்சாடி?”

“இல்லக்கா,” என்றாள். சற்று தூரம் நடந்து, “ஆனா இன்னிக்கு என்னைப் பாத்து முறைச்சா. முந்தாநாள்லாம் அதுகூட இல்ல,” என்றாள்.