ஏழாவது பிளாப்பி

அக்கா கரியாலூர்ப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்சாக இருந்தாள். அதை இழுத்து மூடியபோது, யாருக்கும் வேண்டாத ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். கீபோர்டும் மெஷினும் ஒரே உடம்பு, டிவியில் மாட்ட வேண்டும். ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஒரே ஒரு பிளாப்பி டிரைவ். அங்கே நடந்த பிரசவங்களையெல்லாம் பதிவேட்டைப் பார்த்து ஏழு பிளாப்பிகளில் ஏற்றியிருந்தாள். பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை கரியாலூர் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு வெள்ளிக்கிழமைக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையில் அவள் வீட்டார் குத்துமதிப்பாகச் சொன்ன வருடம் இருந்தது. அதன்படி வேலைக்கான வயது வரம்பைவிட இரண்டு வயது கூடிப்போகிறது. அவள் பிறந்தது அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில். அங்கே பழைய பதிவு ஏதாவது இருந்தால் பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பிளாப்பிகளில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒருமுறை ஓடியது மறுமுறை ஓடும் என்று நம்ப முடியாது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிற எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மெஷினுக்கு ஹார்ட் டிஸ்க் பொருத்தி, ஒவ்வொன்றையும் ஒரே ஓட்டத்தில் அதில் ஏற்றிவிட்டு, அங்கே தேட வேண்டும். கேமரா மெமரி கார்டையே ஹார்ட் டிஸ்க்காகக் காட்டும் ஒரு சின்ன போர்டு உண்டு. அது வியாழன் காலைதான் கூரியரில் வந்தது. அந்தப் பெண்ணும் அதே நேரத்துக்கு வந்துவிட்டாள்.

கேபிளைத் திருப்பி மாட்டினால் போர்டு போய்விடும், மெஷினும் போகலாம். கேபிளின் முதல் பின் எந்தப் பக்கம் என்று எழுதியிருந்த இடம் துருவில் மறைந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்து, மாட்டி, சந்தேகம் வந்து கழற்றி, மறுபடி மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் டிவி கறுப்பாகவே நின்றது. பிறகு படம் வந்தது. கார்டும் தெரிந்தது.

ஆறு பிளாப்பிகள் ஏறின. ஏழாவதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். போட்டால் டிரைவே கெட்டுவிடும் என்று அதைத் தனியே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் அப்பா பேரைப் போட்டுத் தேடினேன். கிடைத்தது. பெண் குழந்தை. அட்டையில் இருந்த அதே வருடம்.

அவள் கையிலிருந்த மனு ஃபைலை மூடினாள். "அப்ப அட்டையில இருக்கறதுதான் சரி. நான் கெளம்பறங்க."

"உக்காரு," என்றாள் டிவியில் அவள் அம்மா பேரைப் படித்த அக்கா. "உங்கம்மாவுக்கு நான் ரெண்டு பிரசவம் பாத்துருக்கறேன்."

தன் அம்மாவுக்குத் தான் ஒரே பிள்ளை என்றாள் அந்தப் பெண்.

"மொத பொண்ணு ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிடுச்சி. அடுத்த வருசம் நீ பொறந்த. அந்தப் பேரையே உனக்கும் வெச்சாங்க. உங்கிட்ட யாரும் சொல்லலியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அக்கா என் பக்கம் திரும்பினாள். "அந்த ஏழாவதப் போடுடா. பயந்துகினு இருந்தா எப்பிடி?"

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பிளாப்பிக்குள் இருந்த தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித் துடைத்தேன். உள்ளே தள்ளியதும் மரம் அறுப்பதுபோல் ஒரு சத்தம். பாதியில் பிழை என்று காட்டியது. எடுத்துத் துடைத்தேன், மறுபடி பிழை. மூன்றாவது தடவை சத்தம் மாறி மாறி வந்து, இழுத்து இழுத்து, கடைசியில் ஏறி முடிந்தது.

அதே அப்பா, அதே அம்மா, அதே ஊர். பெண் குழந்தை. மூன்று வருடம் கழித்து ஒரு தேதி.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சந்தோஷப்படவில்லை, அழவும் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது, இனி யாரைக் கேட்பது என்று மட்டும் சொன்னாள். அட்டைக்கு விவரம் சொன்னது அம்மாதானாம்.

டிவியைப் போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அக்கா தன் கைப்பட ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாள். கிளம்பும்போது அந்தப் பெண் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"அந்த மொதப் பொண்ணு பொறந்த தேதியும் எழுதிக் குடுங்க சார். எனக்கு வேணும்."

எழுதிக் கொடுத்தேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள். பக்கத்துக் குக்கிராமத்து அங்கன்வாடியில் வேலை கிடைத்துவிட்டதாக நேற்று அக்காவுக்குப் போன் வந்தது.