தூக்குவாளி நிறையக் கஞ்சி

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இந்த வருடம் அது என் மனைவியின் நெஞ்சில் சளியாக இறங்கியது. காய்ச்சல் விட்ட பிறகும் அவள் சாப்பிடவில்லை. ரசம் சாதம் மூன்று கரண்டி, இட்லி பாதி. எண்ண எண்ண எனக்குப் பயம்தான் வளர்ந்தது.

லப்பைக்குடிக்காட்டுக்குக் குடிவந்து எங்களுக்கு அது முதல் ரம்ஜான். ஒரு மாலை அவள், "பள்ளிவாசல் கஞ்சி வாசம் வருதுங்க, கொஞ்சம் கிடைக்குமா?" என்றாள். நோன்பாளிகளுக்கு உரியதைக் கேட்கலாமா என்று தயங்கியபடி, ஒரு டம்ளரோடு போய் வரிசையில் நின்றேன்.

கஞ்சி ஊற்றியவர் டம்ளரைப் பார்த்தார். "என்னங்க சார், கோழிக்குஞ்சுக்கா?"

"வூட்ல சம்சாரத்துக்கு ஒடம்பு முடியலைங்க. நாங்க நோன்பு இல்லை, வாங்கலாமா?"

"ஊருக்கே காய்ச்சுறதுங்க இது!" தம் வீட்டுத் தூக்குவாளியை எடுத்து நிறைய ஊற்றினார். "வாளி நாளைக்கு வந்தா போதும். அம்மா குடிச்சாங்களான்னு மட்டும் வந்து சொல்லுங்க."

கஞ்சியின் ஆவி முகத்தில் பட்டதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன்.

"எண்ணுனது போதும், ஊத்துங்க" என்றாள்.

எத்தனை கரண்டி குடித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றைத் தெரியாமல் இருப்பதிலும் இவ்வளவு நிம்மதி உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.