அக்கா கடைசி இடத்துக்குத் தள்ளிய ஓடை

அக்காவின் ஓராண்டு நினைவு நாளில் அச்சிட்ட இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். "கோபத்த உள்ள வச்சுக்கிட்டு எழுது மச்சான்" என்று அத்தான் கேட்டுக்கொண்டார். முயன்று பார்த்தேன், முடியவில்லை. சென்ற ஆண்டு அக்காவின் உடல் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தபோது பெரிய காரில் வந்திறங்கிய, அரசுப் பட்டம் வாங்கிய ஒரு டத்தோ பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் கோபம் வெளியே தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா காப்பாருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார். அம்மாவுக்குக் களையைக் கருக்கும் புல்லு மருந்து அடிக்கும் வேலை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வரிசை வரிசையாக அடித்துக்கொண்டு போவார். அந்த மருந்தில் ஆர்சனிக் இருக்கிறது, அது விஷம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. உள்ளங்கையெல்லாம் காய்ப்புக் காய்த்து, ஒரு மழைக்காலத்தில் படுத்தவர் எழவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் தோல் வியாதி என்று சொல்லிக் கைகழுவிவிட்டார்கள்.

அதன்பின் அப்பா ரயில்வேயில் வேலை தேடிக்கொண்டு எங்களைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்து வந்தார். சமைத்து, என்னைப் பள்ளிக்கு அனுப்பி, மிச்ச நேரத்தில் தானும் படித்து அக்கா பல்கலைக்கழகம் போனார். நிலவியல் எடுத்தார். "பொம்பளப் புள்ளைக்குக் கல்லும் மண்ணும் எதுக்கு?" என்று கேட்டவர்கள் சிலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் அக்காதான் கணக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில், கோலாலம்பூரில் கனிமம் தேடும் ஒரு கம்பெனியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் விளக்கியே ஓய்ந்துபோனேன். ஓடை ஓடையாகப் போய் மணல் அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எந்த மணலில் எந்த உலோகம் எவ்வளவு என்று தெரிந்ததும் வரைபடத்தில் வண்ணப் பென்சிலால் குறிப்பார்கள். அடியில் என்ன பாறை, எங்கே பிளவு ஓடுகிறது, பக்கத்தில் பழைய சுரங்கம் உண்டா என்றெல்லாம் ஒப்பிட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவது அக்காவின் பொறுப்பு. முதலில் நிற்கும் இடத்தில்தான் துளைபோடும் இயந்திரம் இறங்கும். "ஒரே சாட்சிய நம்பி இடத்தக் காட்டக்கூடாது தம்பி. பாறையும் பேசணும், மண்ணும் பேசணும்" என்பார்.

உலு சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஓடையில் ஆர்சனிக் எக்கச்சக்கமாக வந்தது. தங்கம் இருக்கும் பாறையில் ஆர்சனிக்கும் பெரும்பாலும் கூடவே இருக்கும். அதை வைத்துத்தான் தங்கத்தைத் தேடுவார்கள். மேலாளர் உடனே அந்த ஓடையை முதலிடத்தில் போட்டு, வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டார். அவரும் நம்மவர்தான்.

அக்காவுக்கு உறுத்தியது. பாறையில் தங்கத்துக்கான அடையாளம் இல்லை. மணலை அரித்தாலும் ஒரு பொட்டுகூட மின்னவில்லை. திரும்பவும் போய் ஓடை நெடுகிலும் மணல் எடுத்தார். காட்டிலிருந்து இறங்கும் மேல்பகுதி சுத்தமாக இருந்தது. தோட்டத்தில் மருந்து கலக்கும் கொட்டகையைத் தாண்டியதும் ஆர்சனிக் ஏறியது. அங்கே பெண்கள் பம்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சற்றுக் கீழே, தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள்.

அந்த ஓடையை அக்கா முதலிடத்திலிருந்து கடைசிக்குத் தள்ளினார். அன்று அலுவலகத்தில் நடந்ததை அவர் சொன்னபடியே தருகிறேன்.

"என்ன லா இது? ஹெட் ஆபீஸ்க்கு நம்பர் ஒன்னுன்னு சொல்லிட்டேன். இப்பப் போயி கடைசிங்கிற" என்றாராம் மேலாளர்.

"அது தங்கத்தோட வந்தது இல்ல பாஸ். புல்லு மருந்து."

விவரம் கேட்டதும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது. "நல்லவேளை. துளை போட்டிருந்தா என் மானம் போயிருக்கும்."

"பாஸ், அந்தத் தண்ணியத்தான் லயத்து ஆளுங்க குடிக்கிறாங்க. அவங்ககிட்ட சொல்லணும்."

"நாம தங்கம் தேடுறவங்க. அது நம்ம வேலை இல்ல. அந்த ரீடிங் கம்பெனி சொத்து. வெளிய போச்சுன்னா நீயும் வெளிய போயிடுவே."

பட்டியலில் அந்த ஓடைக்கு எதிரே 'பொய்யான அறிகுறி' என்று எழுதி முடித்துவிட்டார்கள். எது பொய் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். தங்கம் பொய், சரி. விஷமும் பொய்யா? படித்த மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்திருக்கிறார்கள். இதைக் குடிப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று அக்காவைத் தவிர ஒருவர் வாயிலும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை என் மோட்டார் சைக்கிளில் அந்தத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். தண்ணீரில் விஷம் என்று அக்கா சொன்னதை மருந்து அடிக்கும் அஞ்சலையம்மாள் என்பவர் முதலில் நம்பவில்லை. "எங்க தாத்தா காலத்துலேருந்து இதத்தான் குடிக்கிறோம் மிஸ்" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் அதே காய்ப்பு. "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்க்கா இருந்துச்சு" என்றார் அக்கா. அம்மா எப்படி இறந்தார் என்பதையும் சொன்னார்.

மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது அஞ்சலையம்மாளும் மற்ற பெண்களும் வேலைக்கு இறங்க மறுத்துவிட்டார்கள். நல்ல தண்ணீர் வேண்டும் என்று ஆபீஸ் வாசலிலேயே நின்றார்கள். கணக்கெழுதும் கிராணி மிரட்டினார், வேலை வாங்கும் மண்டோர் கெஞ்சினார். அவர்கள் அசையவில்லை. கடைசியில் தண்ணீர் லோரி வந்தது. பிறகு குழாயும் வந்தது. தோட்டத்திலிருந்து கம்பெனிக்குப் புகாரும் போனது. அக்காவுக்கு வேலை போனது.

அப்போது நம் உறவினர்கள் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. "நமக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றார் பெரியம்மா. பேசி வைத்திருந்த சம்பந்தமும் கைவிட்டுப் போனது. எல்லாம் தெரிந்தே பெண் கேட்டு வந்தவர் அத்தான் ஒருவர்தான். திருமணத்துக்குப் பிறகு அக்கா கிள்ளானில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தார். சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழும்வரை பாடம் நடத்தினார். யாரையும் குறை சொல்லிக் கேட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நான் இருக்கிறேன்.

இனி டத்தோவுக்கு வருகிறேன். அன்றைய மேலாளர்தான் இன்றைய டத்தோ. அக்காவின் கால்மாட்டில் நின்று, "எங்ககிட்ட இருந்ததிலேயே பெஸ்ட் ஜியாலஜிஸ்ட். ஒரு பொய் டார்கெட்ல இறங்காம எங்களக் காப்பாத்துனாங்க" என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இழவு வீடு என்பதால் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா காப்பாற்ற நினைத்தது உங்களை அல்ல, டத்தோ. அதை அன்று சொல்லியிருக்க வேண்டும், இன்று அச்சில் சொல்கிறேன்.

அவர் கார் கிளம்பிய சற்று நேரத்தில், பஸ் பிடித்து வந்த ஒரு வயதான அம்மாள் கையில் ஒரு பிளாஸ்டிக் போத்தலோடு உள்ளே நுழைந்தார். குளிப்பாட்டுவதற்குக் குடங்கள் வைத்திருந்த இடத்தில் பெரியம்மா அவரை மறித்து, "யாரும்மா நீ?" என்று கேட்டார்.

"தோட்டத்துலேருந்து வரேன். எங்க பைப்புத் தண்ணி. தங்கச்சிக்கு ஊத்தணும்."

பெரியம்மா காய்ப்புக் காய்த்த அந்தக் கையைப் பார்த்தார். விலகி வழிவிட்டார்.

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். அக்காவிடம் கற்ற பழக்கம், இதையும் வரிசைப்படுத்தியே சொல்கிறேன். மாலை கொண்டுவந்த டத்தோவுக்குக் கடைசி இடம். பந்தல் போட்ட அண்டை வீட்டாருக்கும், சமையலைப் பார்த்துக்கொண்ட பள்ளி ஆசிரியர்களுக்கும், இரவும் பகலும் பக்கத்தில் இருந்து கவனித்த தாதியருக்கும் அவரவர்க்குரிய இடம். அக்காவைக் கடைசிவரை கைவிடாத அத்தானுக்கு இரண்டாம் இடம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முதலிடம் அஞ்சலையம்மாளுக்கு. அக்கா மேல் கடைசியாக விழுந்தது அவர் கொண்டுவந்த தண்ணீர்.