வரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

எடைமேடைக்காரிக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. லாரிக்காரர்களோடு காலம் தள்ளுகிறவளுக்கு அது எங்கிருந்து வரும்? லாரியைக் காலியாக ஒரு முறை, சரக்கோடு திரும்பும்போது ஒரு முறை மேடையில் நிறுத்தி, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தபடி எடைச் சீட்டு கொடுப்பது அவள் வேலை. காலி வண்டிக்கு எடை போடும்போது தண்ணீர் டிரம்மை நிரப்பி வைத்துக்கொண்டு, சரக்கோடு வரும்போது கொட்டிவிட்டு வந்து சரக்கின் எடையைக் குறைத்துக் காட்டுகிற யோக்கியர்களை அவள் தினமும் பார்க்கிறாள். ஒருத்தனையும் விட்டதில்லை. கூண்டை விட்டு இறங்கி வந்து, வண்டியைச் சுற்றி வந்து, மானத்தை வாங்கிவிட்டுத்தான் சீட்டைக் கொடுப்பாள்.

மத்தியானத்துக்கு மேல் அந்தக் கூண்டில் அவளுடைய மகளும் இருப்பாள். ஐந்து வயது நெருங்குகிறது. டிரைவர்கள் வைத்த பெயர் அரை டன். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், கேட்டால் பதில் வராது. ஆனால் கூண்டில் அவளால் ஒரு தொல்லையும் இல்லை. "வரேன் பாப்பா" என்று டிரைவர் கிளம்பினால், அவன் சரக்கோடு திரும்பி மேடை ஏறும்வரை ஜன்னலில் நிற்பாள். வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

வம்பெல்லாம் மற்ற இடங்களில்தான். நாத்தனார் வீட்டுக்கு வந்து, வாய் ஓயாமல் பேசி, "வரேன்டி தங்கம்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள். குழந்தை வாசலில் நின்றால் நின்றதுதான். சாப்பிடாது, உட்காராது. தூக்கினால் ஊரே கூடுகிற மாதிரி ஓர் அலறல். இதைக் கேள்விப்பட்ட நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. "என் மேல அவ்வளவு உசுரு பாரேன்" என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெருமைப்பட என்னவெல்லாம் கிடைக்கிறது சிலருக்கு.

மழலையர் பள்ளியிலும் அதே கதை. காலையில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். விளையாட்டு கிடையாது, பாட்டு கிடையாது. ஒருநாள் இழுத்துப் போகப் பார்த்த ஆயாவின் கையைக் கடித்துவிட்டாள். தலைமையாசிரியை எடைமேடைக்காரியை வரச்சொன்னாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். எங்கயாவது காட்டி ஒரு வழி பண்ணுங்க. இல்லைன்னா எங்களால வச்சுக்க முடியாதும்மா."

இந்தப் பள்ளி கைவிட்டால் இன்னொரு பள்ளியா கூப்பிட்டுச் சேர்க்கும்? கடிக்கிற பிள்ளை என்ற பேச்சு குழந்தைக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். எதற்கும் கலங்காதவள் அன்றைக்குப் பார்க்கிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்டாள்.

யோசனை சொல்ல ஆளா இல்லை? இன்னொன்று பெற்றுக்கொண்டால் சரியாகிவிடும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, என்னவோ கடையில் வாங்கி வருகிற மாதிரி. நாத்தனார், "என் தம்பி கூட சின்னதுல இப்படித்தான் ஊமைக்கொட்டானா இருந்தான். இப்ப நல்லா இல்லையா?" என்றாள். எடைமேடைக்காரி புருஷனைப் பார்த்தாள். பேக்கரி அடுப்படியில் வெந்து திரும்பிய மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நல்லாத்தான் இருந்தான்.

பிறகு தன்னம்பிக்கை வகுப்பு நடத்துகிற டை கட்டிய ஒருத்தனிடம் போனார்கள். அவன் மைக்கைப் பிடித்து, "நான் சிங்கம்னு சொல்லு" என்று கத்தினான். அரை டன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். "வெறும் கூச்சம்மா, உடைச்சிரலாம். இதோ வரேன்" என்று எழுந்து போன சிங்கம் அப்புறம் திரும்பவே இல்லை. குழந்தையை அந்தக் கதவிலிருந்து பிய்த்து எடுத்து வருவதற்குள் எடைமேடைக்காரியின் உயிர் போய் உயிர் வந்தது. உலகத்தில் ஒருத்தனுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்ற முடிவுக்கு அவள் வந்தாள்.

கடைசியாகத்தான் அரசு மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவு. அங்கிருந்த டாக்டரம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைக்கவே நேரம் போதாத இவளா நமக்கு வழி சொல்லப் போகிறாள் என்றுதான் எடைமேடைக்காரிக்குத் தோன்றியது. டாக்டர் மரக்கட்டைகளைத் தரையில் கொட்டிவிட்டு, அம்மாவை வெளியே இருக்கச் சொன்னாள். "அம்மா ஒரு நிமிஷத்துல வந்துடறேன்டா செல்லம்" என்று சொல்லிவிட்டு எடைமேடைக்காரி வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். கூப்பிட வெகுநேரம் ஆயிற்று. உள்ளே போனால், கட்டைகள் கொட்டின இடத்திலேயே கிடந்தன. குழந்தை கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"போறப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"வரேன்னு சொன்னேன்."

"ஒரு நிமிஷத்துலன்னு சொன்னீங்க. வந்தீங்களா?"

"நீங்கதானே கூப்பிடற வரைக்கும் இருக்கச் சொன்னீங்க?"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இவளுக்கு?" டாக்டர் தும்மினாள். "பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரும்போது என்ன சொல்வீங்க?"

"பாத்ரூம் போயிட்டு இதோ வந்துடறேன்னு..."

தினமும் காலையில் அப்படிச் சொல்லிவிட்டு, குழந்தை பார்க்காதபோது மதில் ஓரமாக நழுவி வருகிறவள் அவள். தண்ணீர் டிரம்முக்காக லாரிக்காரனின் மானத்தை வாங்குகிறவள்.

"இதுதான் காரணம்னு நான் சொல்லல" என்றாள் டாக்டர். "அவ சுபாவமே வேற. மூஞ்சியைப் பாத்து மனசைப் புரிஞ்சுக்க அவளுக்குக் கஷ்டம். அதனால வார்த்தையைக் கெட்டியாப் புடிச்சுக்கிறா. வாராவாரம் கூட்டிட்டு வாங்க, நாள் பிடிக்கும். அதுவரைக்கும் நிஜத்தை மட்டும் சொல்லுங்க."

எல்லாம் சொல்லிவிட்டு எழுந்த டாக்டர், "சரி, வரேம்மா" என்று பக்கத்து அறைக்குள் போய்விட்டாள். வாய்ப்பழக்கம் யாரை விட்டது? குழந்தை அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "வந்துட்டேன்" என்றாள் டாக்டர், அசட்டுச் சிரிப்போடு. அரை டன் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினாள். லாரிக்காரர்களை விட்டால், இத்தனை பேரில் சொன்ன சொல்லுக்குத் திரும்பி வந்தவள் இந்தத் தும்மல்காரி ஒருத்திதான் என்று நினைத்தபோது எடைமேடைக்காரிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளி வாசலுக்கு நாத்தனாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். எடைமேடைக்காரி குனிந்து மகளிடம் சொன்னாள்.

"நான் வேலைக்குப் போறேன். மத்தியானம் மணி அடிக்கும்போது இங்க நிப்பேன். அதுக்கு முன்னாடி வரமாட்டேன்."

"வாயைக் கழுவும்மா. பச்சைப்புள்ள கிட்ட போறேன் கீறேன்னுட்டு" என்றாள் நாத்தனார்.

"சும்மா இருங்க அண்ணி."

குழந்தையின் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தச் சொற்களை மெதுவாக வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. பிறகு, "போ" என்றது.

அன்று மணி அடிக்கிற நேரம் பார்த்து ஒரு ஜல்லி லாரி மேடை ஏறியது. முதலாளியின் மச்சான் வண்டி. "சீட்டைக் குடுத்துட்டுப் போ, என்ன குடியா முழுகிடும்?" என்று கத்தினான் அந்த மச்சான். ஆமாம் என்று சொல்லிவிட்டு, வண்டியை மேடையிலேயே விட்டுவிட்டு அவள் ஓடினாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் ஓடினாள். மணி அடித்தபோது கேட்டில் மூச்சிரைக்க நின்றாள்.

ஆயா குழந்தையைக் கூட்டி வந்தாள். கடிபட்ட கையில் இன்னும் கட்டு இருந்தது.

"யாரோடயும் சேரல. ஓரமா உக்காந்திருந்தா. ஆனா இன்னிக்கு கேட்டுப் பக்கமே வரலம்மா. பெரிய டீச்சரம்மாவும் பாத்துட்டுதான் இருந்தாங்க. தொடர்ந்து கூட்டிட்டு வரச் சொல்லுன்னாங்க."

எடைமேடைக்காரி பதில் சொல்வதற்குள், அந்தப் பள்ளியில் ஒரு நாளும் வாய் திறக்காத அரை டன், ஆயாவின் கட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"போறேன்."

ஆயா பதறிப் போனாள். "போறேன்னு சொல்லக் கூடாது கண்ணு. வரேன்னு சொல்லணும்."

"நாளைக்கு லீவு" என்றாள் அரை டன். கொஞ்சம் யோசித்தாள். "திங்கக்கிழமை வரேன்."