வியாழக்கிழமைகளில் வந்த மேடம்

அந்த மேடம் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, என்னை ஐந்தாம் வகுப்பிலிருந்து தூக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது.

நான் படித்தது எட்டாவது வரை. அதன்மேல் இரண்டு வருடம் ஆசிரியப் பயிற்சி. எங்களை ஹையர் கிரேடு என்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்றவர்கள் செகண்டரி கிரேடு, எங்களைவிட ஒரு படி மேல். அபிராமபுரத்தில் எங்கள் ஆரம்பப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு பதினோரு வருடமாக என் கையில் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் புதுக் கணக்கு வந்தது. பொருள்களின் தொகுப்புக்குக் கணம், அதில் உள்ளதற்கு உறுப்பு, இரண்டு கணங்களுக்கும் பொதுவானதற்கு வெட்டு, இரண்டையும் சேர்த்தால் சேர்ப்பு என்று நான் கேள்விப்பட்டிராத சொற்கள் புத்தகத்தில் ஏறின. ஒருநாள் தலைமையாசிரியர், "புதுப் பாடம் சிரமமா இருந்தா நீங்க ஒண்ணாம் வகுப்பு எடுத்துக்குங்களேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நாற்பதை நெருங்கும் வயதில், எல்லாரும் பார்க்க, ஐந்திலிருந்து ஒன்றுக்குப் போவதா? அன்று எனக்குச் சாப்பாடு செல்லவில்லை.

சனிக்கிழமைகளில் சைதாப்பேட்டையில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும். சுற்றிலும் உள்ள பள்ளிகளிலிருந்து அறுபது பேர் போவோம். ஒருவர் மேடையில் நின்று புத்தகத்தை வாசிப்பார். புரிந்ததா என்பார். புரிந்தது என்போம். நான் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒன்றும் விளங்காது.

அங்கேதான் இந்த மேடம் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கப் புதிதாக வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

"அறுபது பேருக்கும் ஒரே பாடம் நடத்தினா யாருக்கும் உபயோகமில்லை. அவங்கவங்களுக்கு எது வரலையோ அதை எழுதிக் குடுங்க. நான் உங்க வகுப்புக்கே வரேன். இதை மேல யாருக்கும் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லி, ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்.

எங்கள் பள்ளியின் நாலாம் வகுப்பு சார் சைதாப்பேட்டைக்காரர். என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னா டீச்சர், நம்ம கையாலயே எழுதி வாங்கினு போயி நம்ம தலையிலயே வெக்கப் போறாங்க. உஷாரா இருக்கணும்."

"மேல அனுப்ப மாட்டேன்னு சொன்னாங்களே சார்."

"பூனை கூடத்தான் பாலைக் குடிக்க மாட்டேன்னு சொல்லும்."

அறுபது சீட்டிலும் ஏறக்குறைய ஒரே வரிதான் இருந்தது. 'குறை ஒன்றும் இல்லை. தங்கள் விளக்கம் மிக நன்று.' மேடம் அதுவரை எதையும் விளக்கியிருக்கவில்லை. நானும் அதையே எழுதினேன்.

அடுத்த வியாழக்கிழமை, யாரும் கூப்பிடாமலே, எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டார். கையில் கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு.

அந்தக் காலத்தில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்தால், எந்தக் கேள்விக்கும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. நாங்கள் வலது கையாகப் பார்த்து எழுப்புவோம். நானும் அப்படியே "கணம் என்றால் என்ன?" என்று கேட்டேன். நாற்பது கைகள் எழுந்தன. ஒரு வலது கை சரியாகச் சொன்னது.

பின்னாலிருந்து மேடம், "நான் ஒண்ணு கேட்கட்டுமா? உறுப்பே இல்லாத கணம் உண்டா?" என்றார்.

மறுபடியும் நாற்பது கைகள். அத்தனையும் இடது. ஜன்னலோரம் இருந்த சிறுமியை மேடம் காட்டினார்.

"என்னிய ஏன் கேக்கிறீங்க மேடம்? நான் எடது கைதான தூக்கிகினு கீறேன்!"

"ஏய், அத்த சொல்லக் கூடாதுடி!" என்றது பக்கத்துப் பெண். வகுப்பே சிரித்தது. நான் மேசையைத் தட்டி வகுப்பை அடக்கினேன்.

இன்டர்வெல்லுக்குப் பிள்ளைகள் வெளியே போனார்கள். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டது நான்தான்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். அப்படி ஒரு கணம் உண்டா?"

"புஸ்தகத்தில உண்டுன்னு போட்டிருக்கு."

"உங்களுக்கு என்ன தோணுது?"

என் வாயைக் கிளறுகிறார் என்று பட்டது. ஆனால் இனி மறைக்க என்ன இருந்தது? "ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்கு மேடம் ஒரு பேரு? அதுதான் எனக்கு ஏறலை" என்றேன்.

கரும்பலகையின் மூலையில், அன்று வராத பிள்ளைகளின் பெயர்களை ஒரு கட்டத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். மேடம் அதைக் காட்டினார். "நாளைக்கு எல்லாரும் வந்துட்டா இந்தக் கட்டத்தை அழிச்சிடுவீங்களா?"

"கட்டம் இருக்கும். உள்ளே பேர் இருக்காது."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

அந்த வருடம் முடியும்வரை வியாழன்தோறும் வந்தார். நான் கேட்டதை மட்டும் சொல்லிக் கொடுத்தார். பாடம் தெளிந்தது, அவர்மேல் இருந்த சந்தேகம் போகவில்லை. புறப்படுமுன் அந்தக் கறுப்பு நோட்டில் ஏதோ எழுதுவார். ஒருநாள் தலைமையாசிரியர் அழைத்ததால் நோட்டை வைத்துவிட்டுப் போனார். நான் திறந்து பார்த்தேன்.

'ஐந்தாம் வகுப்பு: வெட்டு இன்னும் தெளியவில்லை. தனியாக இருந்தால் கேட்கிறார். பிறர் முன் இவரைக் கேட்கக் கூடாது.'

இரண்டு முறை படித்தேன். எனக்காக எழுதியதா, என்மேல் புகாராக எழுதியதா என்று தெரியவில்லை. நோட்டை இருந்தபடியே வைத்தேன்.

ஜூன் மாதம் வகுப்புப் பட்டியல் ஒட்டினார்கள். ஐந்தாம் வகுப்புக்கு நேராக என் பெயரே இருந்தது. நாலாம் வகுப்பு சார் பட்டியலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வியாழக்கிழமையானா கதவைச் சாத்திக்கினு இன்னாதான் நடக்குது டீச்சர்?"

"சும்மா பார்க்க வராங்க சார்."

"சும்மா பாக்கறதுக்கு நீங்க இன்னா மயிலாப்பூர் தேரா?"

ஒரு வாரம் கழித்து, பள்ளி விட்ட பிறகு, அவர் தனியாக வந்தார். அந்த வருடம் நாலாம் வகுப்புக்கும் புதுக் கணக்கு வந்திருந்தது. விரலில் இருந்த சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தம்மா வந்தா நம்ம வகுப்பாண்ட ஒரு தபா வரச் சொல்றீங்களா? இந்த வெட்டு கீதே, அது எனக்கு வர்ல."

அவர் சிரிக்காமல் பேசி அன்றுதான் பார்த்தேன். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. சரி என்றால், நானும் மேடத்திடம் கற்றுக்கொண்டவள்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். மறுநாள் காலைக்குள் அது தலைமையாசிரியர் காதுக்குப் போகும். "எனக்கென்ன தெரியும் சார், நீங்களே கேட்டுப் பாருங்க" என்றேன். "சரி டீச்சர்" என்று போய்விட்டார்.

பள்ளி திறந்தபின் மேடம் முதல்முறையாக வந்தது அந்த வியாழக்கிழமைதான். புறப்படும்போது, "உங்களுக்கு எல்லாம் வந்துடுச்சு. இங்கே வேற யாருக்காவது வேணுமா?" என்று கேட்டார். எதிரே தன் வகுப்பு வாசலில் சார் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைத்தான் பார்த்தார்.

"யாரும் சொல்லலை மேடம்" என்றேன்.

"சரி, அப்போ இனிமே வியாழக்கிழமை நான் கோபாலபுரம் பள்ளிக்குப் போறேன்" என்று நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வருடம் முழுவதும், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் புதுக் கணக்கின் விடைகளை ஒரே குரலில் ஒப்பிக்கும் சத்தம் சுவர் வழியாக என் வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்தது.